நிலம் கொடுத்த ஊரு, நிலம் வித்த ஊரு: ப்ளஸ் ஒன் அப்ளிகேஷன் பாரத்தோட கதை



தை மாசம் பொறந்தா எங்க பக்கம் ரெண்டு விதமான ஆளுக ஊருக்குள்ள வருவாங்க. ஒண்ணு மஞ்சள் வியாபாரி. இன்னொண்ணு பள்ளிக்கூடத்துக்காரங்க. வியாபாரி விரலி மஞ்சளை ஒடிச்சு, உள்ள நிறம் எப்படின்னு பார்ப்பார். பள்ளிக்கூடத்துக்காரர் பத்தாவது படிக்கிற புள்ளையோட அரையாண்டு மார்க் என்னன்னு கேப்பார். பிடிச்சிருந்தா ரெண்டு பேருமே அப்பவே அட்வான்ஸ் பேசிருவாங்க. வியாபாரி நமக்குக் கொடுப்பார், பள்ளிக்கூடத்துக்கு நாம கொடுக்கணும். வித்தியாசம் அவ்வளவுதான்.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கம் இருக்கிற தனியார் விடுதிப் பள்ளிகளைப் பத்தித் தமிழ்நாடு பூராவும் தெரியும். தென்கோடியில இருந்தும் வடகோடியில இருந்தும் பெட்டி படுக்கையோட புள்ளைகளைக் கூட்டிக்கிட்டு வந்து இறங்குவாங்க. அந்தப் பள்ளிகள்ல பதினொண்ணாவது சேர ஒரு அப்ளிகேஷன் பாரம் வாங்குறது பெரிய காரியமா எப்ப ஆச்சு, எதனால ஆச்சுங்கிறதை இந்தப் பக்கத்துலயே பொறந்து வளந்தவன்ங்கிற முறையில எழுதி வைக்கலாம்னு தோணுச்சு. இப்ப பத்தாவது படிக்கிற புள்ளைகளை வச்சிருக்கிற நம்ம விவசாயக் குடும்பங்களுக்கு இது உதவும். கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாப் படிங்க.

பள்ளிக்கூடத்துக்கு ஊரு கொடுத்த காலம்

காமராசர் முதலமைச்சரா இருந்தப்ப, கல்வித் துறை இயக்குநரா இருந்தவர் நெ.து. சுந்தரவடிவேலு. 1958ல இருந்து பள்ளிச் சீரமைப்பு மாநாடுன்னு ஊர் ஊரா நடத்துனாங்க. அரசாங்கத்துகிட்ட எல்லாத்துக்கும் காசு இல்லை, அதனால உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணுமோ நீங்களே கொடுங்கன்னு கேட்டாங்க. ஜனங்களும் கொடுத்தாங்க. பெஞ்சு கொடுத்தவங்க உண்டு, கடிகாரம் கொடுத்தவங்க உண்டு, மத்தியானச் சோத்துக்குத் தானியம் அளந்து போட்டவங்க உண்டு.

எங்க அப்பாரு, அதாவது அப்பாவோட அப்பா, ரோட்டோரமா இருந்த 40 சென்ட் மேட்டுக்காட்டை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தாரு. அவரு கைநாட்டு. அவருக்குப் பக்கத்துக் காட்டுக்காரர் 30 சென்ட் கொடுத்தாரு. ரெண்டும் சேர்ந்துதான் இப்ப இருக்கிற விளையாட்டு மைதானம். எங்க அப்பாரு மட்டும் தர்மவான்னு சொல்ல வரலைங்க. கொங்கு நாட்டுல ஊருக்கு ஊரு இப்படி ஒரு கதை இருக்கும். உங்க ஊர்ல விசாரிச்சுப் பாருங்க, கட்டாயம் யாராவது ஒருத்தர் பேரு வரும்.

அந்தக் காலத்துல படிப்பு முறையே வேற. 11 வருஷம் பள்ளிக்கூடம், அதுக்கு மேல கல்லூரியில போயி ஒரு வருஷம் பி.யூ.சி. அதை மாத்தி 1978ல ப்ளஸ் டூ முறை கொண்டாந்தாங்க. முதல் ப்ளஸ் டூ அரசுத் தேர்வு 1980ல நடந்துச்சு. கல்லூரி வாசல்ல நடந்த சலிப்பு வேலை பள்ளிக்கூடத்துக்குள்ள வந்தது இதுல இருந்துதான். ஆனா அப்ப அது யாருக்கும் உறைக்கல.

நான் எஸ்.எஸ்.எல்.சி. முடிச்சது 1986ல. அதோட ஏர் பிடிச்சுட்டேன். என்கூட படிச்சவங்க நாலு பேரு ப்ளஸ் ஒன் சேர்ந்தாங்க. பக்கத்து டவுன் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு மார்க் ஷீட்டும் டி.சி.யும் எடுத்துக்கிட்டுப் போனாங்க, பாரம் எழுதிக் கொடுத்தாங்க, சேர்ந்தாங்க. 250 மார்க் எடுத்தவனுக்கும் ஏதாவது ஒரு குரூப் கிடைச்சது. பாரத்துக்கு ஒண்ணோ ரெண்டோ ரூபா. அதுக்குப் போயி ஒரு கதை எழுத வேண்டி வரும்னு அன்னைக்கு யாராவது சொல்லியிருந்தா சிரிச்சிருப்போம்.

நுழைவுத் தேர்வும் புதுக் கல்லூரிகளும்

1984ங்கிற வருஷத்தை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க. எம்.ஜி.ஆர். ஆட்சியில அப்ப ரெண்டு காரியம் நடந்துச்சு. ஒண்ணு, பொறியியல், மருத்துவப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு வந்தது. ரெண்டு, தனியார் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைச்சது.

அதுக்கு முன்னாடி எங்க பக்கத்துப் பையன் இன்ஜினியர் ஆகணும்னா சேலத்துல 1966ல ஆரம்பிச்ச அரசு பொறியியல் கல்லூரி, இல்லைன்னா கோயமுத்தூர்ல ரெண்டு மூணு கல்லூரி, இல்லைன்னா சென்னை. இடம் கொஞ்சம். அதனால ஆசையும் கொஞ்சமாத்தான் இருந்தது. 1984ல பெருந்துறையில கொங்கு பொறியியல் கல்லூரி வந்துச்சு. 1994ல திருச்செங்கோட்டுல கே.எஸ். ரங்கசாமி தொழில்நுட்பக் கல்லூரி வந்துச்சு. பஸ் ஏறிப் போயிட்டு வர்ற தூரத்துல இன்ஜினியரிங் காலேஜ் வந்ததும், காட்டுல வேலை செஞ்சுக்கிட்டு இருந்தவங்களுக்கும் நம்ம பையன் ஏன் இன்ஜினியர் ஆகக்கூடாதுங்கிற நினைப்பு வந்துச்சு. அதுல தப்பே இல்லைங்க. எத்தனையோ வருஷமா மேட்டுக்காட்டுல மழையை நம்பிக் கெட்ட சனம்.

அப்ப கணக்குப் போட்ட விதம் இது. ப்ளஸ் டூவுல கணக்கு, இயற்பியல், வேதியியல் மூணும் சேர்த்து 200க்குச் சுருக்குவாங்க. நுழைவுத் தேர்வு 100. மொத்தம் 300. இதுதான் கட் ஆப். அரை மார்க்குல நூத்துக்கணக்கான பேரு முன்னாடி போயிருவாங்க. ஆகவே ப்ளஸ் டூவுல 200க்கு 200 எடுக்க வைக்கிற பள்ளிக்கூடத்துக்கு மதிப்பு ஏறிச்சு.

எங்க பக்கத்துல ஏற்கனவே முதலீடு பண்ற சனம் இருந்தது. நாமக்கல்லுல லாரி, லாரிக்கு பாடி கட்டுற பட்டறை, கோழிப்பண்ணை. திருச்செங்கோட்டுல ரிக் லாரி, இந்தியா பூராவும் போயி போர் போட்டுட்டு வர்றவங்க. பத்துப் பேரு பங்கு போட்டு ஒரு தொழில் ஆரம்பிக்கிறது இந்த மண்ணுக்குப் பழக்கம். அதே மாதிரி டியூஷன் எடுத்துக்கிட்டு இருந்த வாத்தியார்களும் பணம் வச்சிருந்தவங்களும் பங்கு போட்டுப் பள்ளிக்கூடம் ஆரம்பிச்சாங்க. 1997 ஜனவரி 1ஆம் தேதி நாமக்கல் சேலத்துல இருந்து பிரிஞ்சு தனி மாவட்டம் ஆச்சு. அந்தச் சமயத்துல ரோட்டோரமா கடலைக்காடும் சோளக்காடும் இருந்த இடத்துல நாலு மாடிக் கட்டடம் எந்திரிச்சதைக் கண்ணால பார்த்தவன் நான்.

மடை திறந்தது

நுழைவுத் தேர்வு கிராமத்துப் புள்ளைகளுக்குப் பாதகமா இருக்குன்னு ரொம்ப நாளாப் பேச்சு. கோச்சிங் சென்டர் எல்லாம் டவுன்லதான் இருந்தது. ஜெயலலிதா ஆட்சியில 2005ல அதை எடுக்கப் பார்த்தாங்க, உயர் நீதிமன்றத்துல நிக்கல. அப்புறம் கலைஞர் ஆட்சியில, பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழு அறிக்கையை வாங்கி, 2006 டிசம்பர்ல சட்டம் போட்டாங்க. அடுத்த வருஷம் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைச்சு, 2007 சேர்க்கையில இருந்து நுழைவுத் தேர்வு இல்லை. ப்ளஸ் டூ மார்க் மட்டும்தான்.

நல்ல எண்ணத்துல திறந்த மடைதான் அது. கிராமத்துப் புள்ளைகளுக்குப் பலனும் கிடைச்சது, இல்லைன்னு சொல்ல முடியாது. 2010ல முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கல்விக் கட்டணச் சலுகையும் வந்தது. ஆனா மடையைத் திறந்தா தண்ணி முதல்ல யாரு வயலுக்குப் பாயும்? வாய்க்கால் வெட்டித் தயாரா வச்சிருக்கிறவன் வயலுக்குத்தான். ப்ளஸ் டூ மார்க் ஒண்ணே எல்லாத்தையும் தீர்மானிக்கும்னு ஆனதும், அந்த மார்க்கை எடுக்க வைக்கிறதையே தொழிலா வச்சிருந்த எங்க பக்கத்துப் பள்ளிகளுக்கு அது பொற்காலம் ஆச்சு.

அவங்க செஞ்ச வழி சுலபமானது. பதினொண்ணாவதுக்கு அப்ப அரசுத் தேர்வு கிடையாது. அதனால பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்தைப் பேருக்குத் தொட்டுட்டு ஓரமா வச்சாங்க. ரெண்டு வருஷமும் பன்னிரண்டாவது பாடமேதான். படிக்கிறது, பரீட்சை எழுதுறது, திரும்பவும் படிக்கிறது, திரும்பவும் எழுதுறது. அரசுப் பள்ளிக்கூடத்துப் புள்ள ஒரு வருஷத்துல படிக்கிறதை இவங்க ரெண்டு வருஷம் படிச்சாங்க. ரெண்டு பேருக்கும் ஒரே கேள்வித்தாள்.

பத்திரிகைக்காரங்க இதை பிராய்லர் பள்ளின்னு எழுதுனாங்க. எங்க ஊர்க்காரங்க அதைக் கேட்டுச் சிரிப்போம். நாமக்கல்லுல அதிகம் இருக்கிறது பிராய்லர் இல்லைங்க, லேயர், முட்டைக்கோழி. லேயர் கோழிக்கு ஒரு நாளைக்கு 16 மணி நேரம் வெளிச்சம் வேணும். பகல் பத்தாதுன்னு லைட் போட்டு விடுவாங்க, அப்பத்தான் முட்டை குறையாது. விடுதியில புள்ளைகளை விடியக்காலம் அஞ்சு மணிக்கு எழுப்பி ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார வச்சதைப் பார்த்தவங்களுக்கு எந்தக் கோழின்னு சந்தேகம் வராது.

விதை பொறுக்குன கதை

இந்தப் பதிவுல நான் முக்கியமாச் சொல்ல வந்தது இதைத்தான்.

ஒரு பள்ளிக்கூடம் நல்லா சொல்லிக் கொடுக்குதான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? ரிசல்ட்டைப் பார்த்துன்னு எல்லாரும் சொல்லுவோம். மே மாசம் பேப்பரைத் திறந்தா முழுப் பக்கத்துக்கு விளம்பரம். ஸ்டாம்பு சைஸுல புள்ளைகளோட போட்டோ, கீழே 1180, 1175னு மார்க். இதைப் பார்த்துட்டுத்தான் சனம் பஸ் ஏறி வந்துச்சு.

ஆனா அந்தப் புள்ளைக உள்ள போறப்ப எத்தனை மார்க்கோட போனாங்கன்னு விளம்பரத்துல போட மாட்டாங்க. 480க்கு மேல எடுத்த புள்ளைக்குக் கட்டணம் வேண்டாம், விடுதியும் இலவசம்னு சொல்லிக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. அதுக்குக் கீழே மார்க் குறையக் குறையப் பணம் ஏறும். இன்னும் கீழே போனா பாரமே கிடையாது. அதாவது மேல இருக்கிற புள்ளைக விளம்பரத்துக்கு, நடுவுல இருக்கிற புள்ளைக வருமானத்துக்கு. கீழே இருக்கிற புள்ளை எங்க ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துக்கு.

நாம விவசாயி. ஒருத்தன் சந்தைக்குப் போயி முதல் தரமான விதையாப் பார்த்துப் பொறுக்கி எடுத்துட்டு வந்து, நல்ல மண்ணுல போட்டு, சொட்டு நீரு பாய்ச்சி, ஏக்கருக்கு 30 மூட்டை எடுக்கிறான். இன்னொருத்தன், அந்தாளு கழிச்சுப் போட்ட விதையை வாங்கி, மேட்டுக்காட்டுல போட்டு, வானத்தைப் பார்த்து 15 மூட்டை எடுக்கிறான். இதுல யாரு கெட்டிக்கார விவசாயின்னு நம்மகிட்ட கேட்டா சட்டுனு பதில் சொல்லிருவோம். பள்ளிக்கூடம்னு வந்தா மட்டும் ஏன் மூட்டையை மட்டும் எண்ணுறோம்?

250 மார்க்கோட உள்ள வந்த புள்ளையை 800 எடுக்க வச்சு அனுப்புன அரசுப் பள்ளிக்கூட வாத்தியார் போட்டோ எந்தப் பேப்பர்லயும் வந்ததில்லை. 490ஐ வாங்கி 1150 ஆக்குனது பெரிய சாதனைன்னு கட்டவுட் வச்சாங்க.

இன்னொரு வேலையும் நடந்துச்சு. 100 சதவீதம் தேர்ச்சின்னு போர்டு வைக்கணும்னா, தேறாத புள்ளை உள்ள இருக்கக் கூடாது. ஒன்பதாவதுலயோ பதினொண்ணாவதுலயோ மார்க் வராத புள்ளையோட அப்பாவைக் கூப்பிட்டு டி.சி.யை வாங்கிட்டுப் போகச் சொல்லிருவாங்க. அந்தப் புள்ளையும் கடைசியில அரசுப் பள்ளிக்கூடத்துக்குத்தான் வரும். அதோட தோல்வி அரசுப் பள்ளிக்கூடத்துக் கணக்குல ஏறும்.

அதுக்காக நம்ம பள்ளிக்கூடத்துல எல்லாம் சரியா இருந்துச்சுன்னு நான் சொல்லலை. எங்க பக்கத்து மேல்நிலைப் பள்ளியில இயற்பியல் வாத்தியார் இடம் ரெண்டு வருஷம் காலியா இருந்துச்சு. பெற்றோர் ஆசிரியர் கழகத்துல காசு வசூலிச்சு ஒருத்தரைப் போட்டோம், அவரும் பாதியில போயிட்டாரு. வாத்தியார் இல்லாத வகுப்புல தன் புள்ளையை உட்கார வைக்க எந்தத் தகப்பனுக்கு மனசு வரும்? தனியார் பள்ளிக்கூடத்து வேன் ஊருக்குள்ள வந்ததுக்கு அந்தக் காலி நாற்காலியும் ஒரு காரணம்.

எங்க வீட்டு அப்ளிகேஷன்

2011 மே மாசம் எங்க அண்ணன் மகனுக்குப் பாரம் வாங்க நானும் அண்ணனும் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனோம். பேரு வேண்டாம். ஊர் உயர்நிலைப் பள்ளியில படிச்சவன், 500க்கு 438. ஊர்லயே அவன்தான் முதல் மார்க். அண்ணன் தலை நிமிந்துதான் வந்தாரு.

அங்க மூணு வரிசை நின்னுச்சு. 475க்கு மேல ஒரு வரிசை, 450க்கு மேல ஒரு வரிசை, மத்தவங்க ஒரு வரிசை. அப்ப மெட்ரிகுலேஷன் புள்ளைகளுக்கு மொத்த மார்க் 1100. ஸ்டேட் போர்டுக்கு 500. ரெண்டையும் சதவீதமா மாத்திச் சொல்றதுக்குன்னே ஒருத்தர் கால்குலேட்டரோட உட்கார்ந்திருந்தாரு. ஊர்ல முதல் மார்க் எடுத்தவன் அங்க மூணாவது வரிசையில நின்னான். அவன் முகத்தைப் பார்க்க எனக்குச் சங்கடமா இருந்துச்சு.

உள்ள போனதும் கேட்டது மார்க் பத்தி இல்லை. "தோட்டம் எத்தனை ஏக்கருங்க? கிணத்துத் தண்ணியா, போர் தண்ணியா? மஞ்சள் எத்தனை மூட்டை வரும்?" இதுதான் கேள்வி. விடுதியோட சேர்த்து வருஷத்துக்கு 1,10,000 ரூபான்னு சொன்னாங்க. கட்டண நிர்ணயக் குழு விதிச்ச தொகை நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருந்துச்சு. அந்தத் தொகைக்கு மட்டும் ரசீது. மிச்சத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு.

சட்டம் இல்லாமலா இருந்துச்சு? நன்கொடை வாங்கக் கூடாதுன்னு 1992லயே தமிழ்நாட்டுல சட்டம் இருக்கு. 2009ல தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தத் தனிச் சட்டம் போட்டாங்க. நீதிபதி கோவிந்தராஜன் தலைமையில குழு, அவருக்கப்புறம் நீதிபதி ரவிராஜ பாண்டியன், அப்புறம் நீதிபதி சிங்காரவேலு. சேர்க்கைக்குப் பரீட்சை வச்சுப் புள்ளைகளைச் சலிக்கக் கூடாதுன்னு 2009ல வந்த மத்திய அரசோட கல்வி உரிமைச் சட்டம் சொல்லுது. ஆனா அது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான். ஒன்பதாவதும் பதினொண்ணாவதும் அதுக்கு வெளியே. சரியா அந்த இடத்துலதான் சல்லடையை மாட்டி வச்சிருந்தாங்க.

முதல் வருஷக் கட்டணத்துக்கு அண்ணனுக்குக் கஷ்டம் இல்லை. 2010ல மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டுன வருஷம், கையில காசு மிச்சம் இருந்துச்சு. ஆனா 2012ல விலை 4,000 பக்கம் வந்து நின்னுருச்சு. குழி வெட்டுன கூலி, வேக வச்ச கூலி போனா ஒண்ணும் நிக்காது. ரெண்டாவது வருஷக் கட்டணத்துக்கு அண்ணன் ரோட்டோரத்து அரை ஏக்கரை வித்தாரு. எங்க அப்பாரு பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்த அதே நிலத்துக்கு அடுத்தாப்புல இருந்த துண்டு அது.

எங்க வீடு மட்டும் இல்லை. அந்தப் பத்து வருஷத்துல எங்க ஊர்ல கைமாறுன நிலத்துல பாதி, கல்யாணத்துக்காகவும் ஆஸ்பத்திரிக்காகவும் இல்லைங்க, படிப்புக்காகப் போனது. அதிகமா எழுதுறேன்னு நினைச்சா உங்க ஊர்ல ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க.

பையன் 1,098 எடுத்தான். கோயமுத்தூர்ல இன்ஜினியரிங் சேர்ந்தான். முதல் செமஸ்டர்லயே கணக்குல அரியர். பதினொண்ணாவதுல படிச்சிருக்க வேண்டிய பாடத்தை அங்க போயி முதல் தடவையாப் பார்த்தான். அப்புறம் தேறிட்டான், இப்ப பம்ப்செட் கம்பெனியில வேலை. அண்ணன்கிட்ட இதைப் பத்திப் பேசினா ஒரே வார்த்தைதான் சொல்லுவாரு: "நெலம் போனாப் போகுது தம்பி, பையன் வெயில்ல நிக்கல." அதை மறுத்துப் பேச என்கிட்ட வார்த்தை இல்லை. அதே பையன் விடுதி ஞாபகம் வந்தா இன்னைக்கும் அந்த ரோட்டு வழியா வண்டி ஓட்ட மாட்டான். சுத்திக்கிட்டுத்தான் போவான்.

சல்லடை மாறுன வருஷங்கள்

2011 ஆகஸ்ட்ல உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கு அப்புறம் சமச்சீர் கல்வி வந்துச்சு. 2012ல இருந்து பத்தாவதுக்கு எல்லாருக்கும் ஒரே பாடம், ஒரே 500 மார்க். மார்க்கும் ஏற ஆரம்பிச்சது. 2014ல மாநிலத்துல 499 எடுத்தவங்க 19 பேரு, 2015ல 41 பேரு. ஊர்ல 438க்கு இருந்த மதிப்பு 470க்குக்கூட இல்லாமப் போச்சு. சல்லடைக் கண்ணை இன்னும் பொடிசாக்குனாங்க, அவ்வளவுதான்.

2017ல நிலைமை தலைகீழா மாறுச்சு. மருத்துவத்துக்கு நீட் வந்துருச்சு. மாநில ரேங்க் அறிவிக்கிறதை அரசு நிறுத்துச்சு. பதினொண்ணாவது பாடத்தை நடத்தாம விடுறாங்கங்கிறதால அந்த வகுப்புக்கும் அரசுத் தேர்வு கொண்டாந்தாங்க. 1200ங்கிற மொத்த மார்க் 600 ஆச்சு. நம்ம பக்கத்துப் பள்ளிகள் இனி அவ்வளவுதான்னு டீக்கடையில பேசிக்கிட்டோம்.

அவங்க அசரல. போர்டை மாத்தி எழுதுனாங்க. நீட், ஜே.இ.இ. பயிற்சியுடன் ப்ளஸ் ஒன் சேர்க்கைன்னு வந்துச்சு. ப்ளஸ் டூ முடிச்ச புள்ளையைத் திரும்பவும் ஒரு வருஷம் உட்கார வைக்கிற ரிப்பீட்டர் பேட்ச் வந்துச்சு. முன்னாடி ரெண்டு வருஷக் கட்டணம், இப்ப மூணு வருஷக் கட்டணம். 2019 அக்டோபர்ல நாமக்கல்லுல இருக்கிற ஒரு பயிற்சி நிறுவனத்துல வருமான வரித்துறை சோதனை போட்டு, கணக்குல வராத கோடிக்கணக்கான ரூபா ரொக்கத்தை எடுத்தாங்க. டி.வி.யில அந்த நோட்டுக் கட்டுகளைக் காட்டுனப்ப, அதுல எத்தனை கட்டு மரவள்ளிக் கிழங்குக் காசு, எத்தனை கட்டு பால் காசுன்னு நினைச்சுக்கிட்டேன்.

அரசு சும்மா இருக்கலை. 2020ல அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவத்துல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துச்சு. 2021ல பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டப் படிப்புகளுக்கும் விரிச்சாங்க. அதுல சேர்ற புள்ளைகளோட கட்டணத்தையும் விடுதிச் செலவையும் அரசே ஏத்துக்குது. 2022ல புதுமைப் பெண், 2024ல தமிழ்ப் புதல்வன்னு மாசம் 1,000 ரூபா திட்டங்களும் வந்தாச்சு. இன்னொரு பக்கம் மாவட்டத்துக்கு மாவட்டம் அரசு மாதிரிப் பள்ளிகள். அங்கயும் நல்லாப் படிக்கிற புள்ளைகளைப் பொறுக்கித்தான் எடுக்கிறாங்க. ஊர்ப் பள்ளிக்கூடத்துல மிச்சம் இருந்த ரெண்டு கெட்டிக்காரப் புள்ளையும் அங்க போயிருது. காசு வாங்கல, அது நல்லது. ஆனா பொறுக்குறதை அரசாங்கமும் கத்துக்கிச்சேங்கிற வருத்தம் எனக்கு உண்டு.

கடைசியா 2025ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையில பதினொண்ணாவதுக்கான அரசுத் தேர்வை எடுத்துட்டாங்க. புள்ளைகளுக்கு மூணு வருஷம் தொடர்ச்சியா அரசுத் தேர்வுங்கிற பாரம் குறையும், சரிதான். ஆனா பதினொண்ணாம் வகுப்புப் புத்தகத்தை ஓரமா வைக்கிற பழைய வித்தைக்கு வாசல் திரும்பவும் திறந்திருக்கு. வேன் திரும்பவும் ஊருக்குள்ள வர்றதுல எனக்கு ஆச்சரியம் இல்லை.

பாரம் வாங்கப் போறவங்களுக்கு

தனியார் பள்ளிக்கூடத்துக்குப் போகாதீங்கன்னு நான் சொல்லலை. அது அவங்கவங்க வீட்டுச் சூழ்நிலை. ஆனா மாடு வாங்கப் போனாக்கூட பல்லைப் பிடிச்சுப் பார்க்கிற சனம் நாம. புள்ளையைச் சேர்க்கப் போறப்ப மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்க வேண்டாம். நான் கேக்கச் சொல்ற கேள்விகள் இதுதான்:

ஒண்ணு. உங்க புள்ளை ஆறாவதுல இருந்து அரசுப் பள்ளியில படிச்சிருந்தா, பன்னிரண்டாவது வரைக்கும் அங்கயே படிச்சாத்தான் 7.5 சதவீத ஒதுக்கீடு. பதினொண்ணாவதுக்கு மாத்தினா அந்த உரிமை போச்சு. மாசம் 1,000 ரூபாயும் போச்சு. பள்ளிக்கூடத்துல சொல்ற கட்டணத்தோட இந்த நஷ்டத்தையும் சேர்த்துக் கூட்டுங்க. வேன்ல வர்றவரு இதைச் சொல்ல மாட்டார்.

ரெண்டு. முதல் மார்க் எடுத்த புள்ளை கதையைக் கேக்காதீங்க. "எம் புள்ளை பத்தாவதுல 410. போன வருஷம் 410 எடுத்துட்டுச் சேர்ந்த புள்ளைக ப்ளஸ் டூவுல எத்தனை எடுத்தாங்க?"ன்னு கேளுங்க. அந்தக் கணக்குதான் நமக்கு வேணும்.

மூணு. பதினொண்ணாம் வகுப்புப் பாடத்தை முழுசா நடத்துறாங்களான்னு அங்க படிச்ச புள்ளைகளைப் பிடிச்சு விசாரிங்க. ஆபீஸ்ல கேட்டா ஆமான்னுதான் சொல்லுவாங்க.

நாலு. கட்டுற ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது கேளுங்க. அந்தப் பள்ளிக்குக் கட்டண நிர்ணயக் குழு விதிச்ச தொகை எவ்வளவுன்னு தெரிஞ்சுக்கிட்டுப் போங்க.

அஞ்சு. புள்ளைக்கு அங்க பிடிக்கலைன்னா நடுவுல டி.சி. தருவாங்களா, கட்டுன பணம் திரும்ப வருமான்னு முதல் நாளே கேட்டு எழுதி வாங்குங்க.

கடைசியா, நம்ம ஊர் மேல்நிலைப் பள்ளிக்கும் ஒரு நடை போயிட்டு வாங்க. எந்தப் பாடத்துக்கு வாத்தியார் இருக்காங்க, எதுக்கு இல்லைன்னு பாருங்க. இல்லைன்னா பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துல நாலு பேரு சேர்ந்து கேளுங்க. எங்க ஊர்ல போன வருஷம் அப்படிக் கேட்டுத்தான் வேதியியலுக்கு ஒரு டீச்சர் வந்தாங்க. பதினொண்ணாவதுல இருந்த ஆறு புள்ளைக மாறாம அங்கயே இருக்காங்க. அதுல ரெண்டு பேருக்கு டாக்டர் ஆகணும்னு ஆசை, ஒருத்தி கால்நடை மருத்துவம் படிச்சுட்டு நம்ம ஊருக்கே வர்றேங்கிறா. பார்ப்போம்.

மஞ்சள் வேக வைக்கிற வேலை காத்துக்கிட்டு இருக்கு. கொப்பரையைப் பத்த வச்சாச்சு. உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நிலம் கொடுத்தவங்க பேரு தெரிஞ்சா விசாரிச்சு எழுதி வைங்க, நம்ம புள்ளைகளுக்கும் தெரியட்டும். அடுத்த பதிவுல சேகோ பேக்டரிக்கு மரவள்ளி போன கதையோட வர்றேன்.